திறமை விளையாட்டு என்றால் பாவம் இல்லையா? ஃபேண்டஸி பந்தயத்தைக் கிறிஸ்தவர் எப்படிப் பார்ப்பது

லாட்டரிச் சீட்டைக் கையால் தொட்டதில்லை, காசு வைத்துச் சீட்டாடியதில்லை என்று சொல்கிற விசுவாசிகளின் போனிலும் ஃபேண்டஸி ஆப் இருந்திருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு டீம் போடுகிறவர்கள் உண்டு. கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "இது சூதாட்டம் இல்லை பாஸ்டர், திறமை விளையாட்டு. கோர்ட்டே சொல்லியிருக்கிறது." கோர்ட் அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் கோர்ட் தீர்க்க வேண்டியிருந்த கேள்வி ஒன்று, சபை கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டுவிட்டோம் என்பது என் எண்ணம்.

முதலில் விளையாட்டு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். நிஜ ஆட்டத்தில் ஆடப்போகிற வீரர்களிலிருந்து நாமே ஒரு கற்பனை அணியைத் தேர்ந்தெடுக்கிறோம். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு மதிப்பு வைத்திருப்பார்கள், மொத்த மதிப்பு ஓர் எல்லையைத் தாண்டக்கூடாது. அதனால் எல்லா நட்சத்திரங்களையும் ஒன்றாக அள்ளிக்கொள்ள முடியாது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் எடுக்கும் ரன், விக்கெட், கோல் எல்லாம் நம் அணிக்குப் புள்ளியாகின்றன. கிரிக்கெட் ஆப்களில் கேப்டனுக்கு இரண்டு மடங்கு, துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு என்பது வழக்கம். அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பரிசு.

இதன் நவீன வடிவம் 1980-ல் நியூயார்க்கில் தொடங்கியது. டேனியல் ஓக்ரெண்ட் என்ற பத்திரிகையாளரும் நண்பர்களும் பேஸ்பால் வீரர்களை வைத்து ஒரு லீக் நடத்தினார்கள். சீசன் முழுக்க நீளும் ஆட்டம் அது, ஆடியவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இன்று நாம் பேசுவது வேறொன்று. 2008-ல் ட்ரீம்11, 2009-ல் ஃபேன்டூயல், 2012-ல் டிராஃப்ட்கிங்ஸ் என்று நிறுவனங்கள் வந்தபின், ஆறு மாதம் நீண்ட ஆட்டம் ஒரே நாளில், சில இடங்களில் ஒரே மேட்சில் முடிந்துவிடுகிறது. எதிரே ஆடுபவர் யாரென்று தெரியாது. தோற்றால் அடுத்த ஆட்டம் இன்றைக்கே இருக்கிறது. பெயர் மட்டும் பழையது.

சட்டம் இதை எப்படி அணுகியது? அமெரிக்காவில் 2006-ல் இணையச் சூதாட்டத்துக்கான பணப் பரிமாற்றத்தைத் தடுக்கச் சட்டம் வந்தபோது, ஃபேண்டஸிக்குச் சில நிபந்தனைகளுடன் விலக்கு கொடுத்தார்கள். பரிசுத் தொகை முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும், முடிவில் ஆடுபவரின் அறிவும் திறமையும் வெளிப்பட வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை. அப்படியும் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் 2015-ல் இது சட்டவிரோதச் சூதாட்டம் என்றார். மறுவருடமே மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தது. அந்த அனுமதி செல்லும் என்று மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தபோது நீதிபதிகளே நாலுக்கு மூன்று என்று பிரிந்திருந்தார்கள்.

இந்தியாவில் 1867-ம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே "வெறும் திறமை" விளையாட்டுகளை விட்டுவைத்தது. ரம்மி பெருமளவு திறமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1967-லும், குதிரைப் பந்தயம் அப்படித்தான் என்று 1996-லும் சொன்னது. அந்த வரிசையில் 2017-ல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ஃபேண்டஸி விளையாட்டையும் சேர்த்தது. அப்புறம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடுவது திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் தடை என்று அந்த வேறுபாட்டையே ஓரமாக வைத்துவிட்டது. நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் செய்கிறவர்களுக்கும் பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர்களுக்கும்தான் தண்டனை, ஆடுகிறவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்திக்கொண்டன.

சரி, இதை வைத்து ஒரு விசுவாசி என்ன முடிவுக்கு வருவது? 2025 ஆகஸ்டுக்கு முந்தின வாரம் பாவம் இல்லை, பிந்தின வாரம் பாவம் என்றா? கடல் தாண்டிப் போனால் மறுபடி பாவம் இல்லையா? அரசின் சட்டத்துக்குக் கீழ்ப்படிவது ரோமர் 13-ன்படி தனிக் கடமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு செயல் தேவனுக்கு முன் எப்படிப்பட்டது என்பதை "திறமையா, அதிர்ஷ்டமா" என்ற வழக்கறிஞர் கேள்வியால் அளக்க முடியாது.

வேதத்தைத் திறந்தால், "சூதாடாதே" என்று நேரடியாக ஒரு கட்டளை இல்லை. இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிற பிரசங்கிகள் உண்டு, தயங்க வேண்டியதில்லை. இன்னும் சொல்லப்போனால், சீட்டுப் போடுவது வேதத்தில் பல இடங்களில் சாதாரணமாக வருகிறது. பாவநிவாரண நாளில் இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்காகச் சீட்டு (லேவியராகமம் 16), கானான் தேசத்தைப் பங்கிடச் சீட்டு (எண்ணாகமம் 26), யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளச் சீட்டு (அப்போஸ்தலர் 1). "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்கிறது நீதிமொழிகள் 16:33. இவை எதிலும் ஒருவன் பணத்தை இன்னொருவன் எடுத்துக்கொள்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சீட்டுப் போட்டு ஒருவரின் உடைமையை எடுத்துக்கொண்டவர்கள் என்று நினைவுக்கு வருவது சிலுவையின் கீழே உட்கார்ந்திருந்த போர்ச்சேவகர்கள்தான்.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பியூரிட்டன் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்ட் பிரிவின் போதகர்களிடையே இதைப்பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. சீட்டின் முடிவு கர்த்தரிடமிருந்து வருகிறது என்றால், பகடையை உருட்டி விளையாடுவது கர்த்தருடைய தீர்ப்பை வேடிக்கைக்காக அழைப்பதாகும், அது அவர் நாமத்தை வீணிலே வழங்குவதற்குச் சமம் என்றார்கள் பலர். தாமஸ் கட்டாகர் என்ற போதகர் 1619-ல் ஒரு புத்தகம் எழுதி இதை மறுத்தார். மழை பெய்வதிலும் கர்த்தருடைய கை இருக்கிறது, பகடை விழுவதிலும் இருக்கிறது, அதற்காகப் பகடை விழுவது தெய்வ வாக்கு ஆகிவிடாது என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்குக் கட்டாகர் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் இன்றைய கேள்விக்கு இந்த வாதத்தில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அதிர்ஷ்டம்தான் பாவத்தின் இடம் என்று நம்பினால், திறமை கூடக்கூடப் பாவம் குறைய வேண்டும். "இது திறமை விளையாட்டு" என்று சொல்லும் வாலிபர், தனக்கே தெரியாமல், அந்தப் பழைய பியூரிட்டன் கணக்கைத்தான் போடுகிறார்.

வேதத்தில் விவரமாகச் சொல்லப்பட்ட பந்தயம் ஒன்று உண்டு. நியாயாதிபதிகள் 14-ல் சிம்சோன் தன் கலியாண விருந்தில் முப்பது பேருக்கு ஒரு விடுகதை போடுகிறான். ஏழு நாளுக்குள் விடை சொன்னால் அவன் முப்பது துப்பட்டிகளும் முப்பது மாற்று வஸ்திரங்களும் தரவேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் தரவேண்டும். இதில் பகடையும் இல்லை, சீட்டும் இல்லை. முழுக்க மூளை வேலை. ஆனால் விடை, செத்த சிங்கத்தின் உடலில் தேனைப் பார்த்த சிம்சோனுக்கு மட்டுமே தெரிந்தது. யோசித்துக் கண்டுபிடிக்கக்கூடிய புதிரே இல்லை அது. அவர்கள் அவன் மனைவியை மிரட்டி விடையைப் பிடுங்குகிறார்கள். தோற்ற சிம்சோன் அஸ்கலோனுக்குப் போய் முப்பது பேரைக் கொன்று, அவர்கள் வஸ்திரங்களை உரிந்து பந்தயக் கடனை அடைக்கிறான். வேதம் நின்று உபதேசம் செய்வதில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தப் பந்தயத்தின் கேடு அதிர்ஷ்டத்திலிருந்து வரவில்லை. எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது, அதை வைத்து உன்னிடமிருந்து எடுத்துக்கொள்வேன் என்ற எண்ணத்திலிருந்து வந்தது.

இப்போது ஃபேண்டஸிக்கு வருவோம். நூறு பேர் ஆளுக்கு நூறு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாயிரம் சேர்கிறது. நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் பரிசாகத் தருகிறது. அந்தப் பங்கு பதினைந்து சதவீதம் என்றால் எட்டாயிரத்து ஐந்நூறு மட்டுமே திரும்பி வரும். அந்த நூறு பேரும் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், அவர்கள் கூட்டாக ஆயிரத்து ஐந்நூறை இழந்தே தீரவேண்டும். நிறுவனத்துக்கு மேட்சின் முடிவைப்பற்றி எந்தக் கவலையும் இல்லை.

மீதியாவது நூறு பேருக்குள் சமமாகச் சுற்றிவருமா? அங்கேதான் திறமை உள்ளே வருகிறது. 2015-ல் மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமெரிக்கப் பேஸ்பால் சீசனின் முதல் பாதியை ஆராய்ந்தபோது, தினசரி ஃபேண்டஸியில் ஆட்டக்காரர்கள் ஈட்டிய லாபத்தில் 91 சதவீதம் வெறும் 1.3 சதவீதம் பேருக்குப் போயிருந்தது தெரியவந்தது. கணினி நிரல் எழுதி, புள்ளிவிவரத்தைக் கரைத்துக் குடித்து, ஒரே போட்டியில் நூற்றுக்கணக்கான அணிகளை இறக்குகிறவர்கள் அவர்கள். எதிரே இருப்பவர், பிடித்த வீரரைக் கேப்டனாகப் போட்டுவிட்டு டிவி முன் உட்கார்ந்திருக்கிறவர். ஆக, இது திறமை விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாதம் ஆடுகிறவரைக் காப்பாற்றவில்லை, இன்னும் மோசமான இடத்தில் நிறுத்துகிறது. லாட்டரியில் ஏழையும் பணக்காரனும் ஒரே அளவு குருடர்கள். இங்கே பார்வையுள்ள சிலர், பார்வையில்லாத பலரிடமிருந்து எடுக்கிறார்கள். நிறுவனத்தின் விளம்பரம் செய்கிற வேலை, அந்தப் பலரை நாள்தோறும் உள்ளே கொண்டுவருவது.

பழைய சபைப் பிதாக்களும் இறையியலாளரும் இந்தப் பக்கத்தைக் கவனித்திருக்கிறார்கள். சூதில் வென்ற பணத்திலிருந்து தர்மம் செய்யலாமா என்று ஆராய்கிற இடத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், தன் பொருளைக் கொடுக்க உரிமை இல்லாத சிறுவர்களிடமிருந்தும் புத்திசுவாதீனம் இல்லாதவர்களிடமிருந்தும் வென்றது, ஆசைப்பட்டு ஒருவரை ஆட்டத்துக்கு இழுத்து வென்றது, ஏமாற்றி வென்றது ஆகியவற்றைக் குற்றமாகக் காட்டுகிறார். பகடை எப்படி விழுந்தது என்பதைவிட, யாரிடமிருந்து, எப்படி எடுத்தாய் என்பதே அவருக்குப் பெரிது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி பணத்தைப்பற்றிய தம் பிரசங்கத்தில் முடிந்தமட்டும் சம்பாதியுங்கள் என்று சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே பிரசங்கத்தில், அயலானின் உடைமைக்குச் சேதம் வரும் வழியில் சம்பாதிக்கக்கூடாது என்று சொல்லி, அதற்கு உதாரணமாகச் சூதையும் சேர்த்தார் என்பது அவ்வளவாக ஞாபகத்தில் இல்லை. எபேசியர் 4:28-ல் பவுல் வேலை செய்யச் சொல்வதன் நோக்கமும் இதுதான்: குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்க நம்மிடம் இருக்க வேண்டும். குறைச்சலுள்ளவனிடமிருந்து எடுப்பது அதற்கு நேர் எதிர்த்திசை.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றில் சில வலுவானவை.

"பொழுதுபோக்குக்குச் செலவு செய்கிறேன், சினிமா டிக்கெட் மாதிரி" என்பது ஒன்று. இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். அதே ஆப்பில் இலவசப் போட்டி இருந்தால் அதே ஆர்வத்தோடு ஆடுவீர்களா? ஆடுவேன் என்றால் நல்லது, இலவசத்தையே ஆடுங்கள். இல்லை, பரிசு இருந்தால்தான் விறுவிறுப்பு என்றால், வாங்குவது பொழுதுபோக்கு அல்ல, அடுத்தவன் பணம் நமக்கு வரலாம் என்ற எதிர்பார்ப்பு. பிறனுடையதை இச்சியாதே என்ற பத்தாம் கட்டளை தொடுகிற இடம் அதுதான்.

பங்குச் சந்தையைக் காட்டுகிறவர்கள் உண்டு. தாலந்து உவமையில் எஜமான் பணத்தைப் புதைத்தவனைத்தானே கடிந்துகொண்டான் என்பார்கள். ரிஸ்க் எடுப்பது பாவமில்லை, சரிதான். விதை விதைக்கிறவனும் ரிஸ்க் எடுக்கிறான். ஆனால் ஒரு நிறுவனம் பொருளைச் செய்து விற்று லாபம் ஈட்டினால் பங்குதாரர் எல்லோரும் ஒருசேர லாபம் பார்க்க முடியும். ஃபேண்டஸியில் அது கணக்கின்படியே முடியாது. காலையில் வாங்கி மதியம் விற்கிற தினசரி வர்த்தகத்தைப் பற்றிக் கேட்டால், அதுவும் ஃபேண்டஸிக்கு ரொம்ப தூரத்தில் இல்லை என்றுதான் சொல்வேன். அதைச் செய்துகொண்டே ஃபேண்டஸி ஆடுகிற தம்பியைக் கண்டிக்கிற மூப்பர்களுக்கு இது உறுத்தலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மூன்றாவது வாதம்: செஸ் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்டுகிறோம், வென்றவருக்குப் பரிசு. அது சூதா? இல்லை என்றால், இது மட்டும் எப்படி? அங்கே ஆடுகிறவர் தானே ஆடுகிறார், இங்கே பிறர் ஆட்டத்தைக் கணிக்கிறார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை, கணிப்பதும் ஒரு திறமைதானே. உண்மையில் இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை, ஒரு சரிவுதான் இருக்கிறது. செஸ் போட்டியில் ஆட்டக்காரர்கள் தர வரிசைப்படி பிரிக்கப்படுகிறார்கள், எதிராளி கண்முன்னே இருக்கிறார். போட்டி இரண்டொரு நாளில் முடிகிறது, தோற்றவர் அதே இரவில் மறுபடி பத்து முறை கட்டணம் கட்ட வழியில்லை. பெரும்பாலானவர் பரிசுக்காக வருவதும் இல்லை. இந்த வேலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் செஸ்ஸும் சூதாகும். எடுத்துவிட்ட நிலையில்தான் பணம் கட்டி ஆடும் தினசரி ஃபேண்டஸி இருக்கிறது.

இதனால்தான் எல்லா ஃபேண்டஸியையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனமில்லை. காசில்லாமல் நண்பர்கள் சீசன் முழுக்க ஆடும் லீக்கில் பாவம் என்று சொல்ல வேதத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, நேரத்தை விழுங்குகிறதா என்ற கேள்வியைத் தவிர. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வென்றவர் எல்லோருக்கும் விருந்து வைக்கிற நட்பு வட்டத்தைப் பற்றித் திருச்சபைகளே ஒத்துப்போவதில்லை. பந்தயம் தன்னளவில் நீதிக்கு விரோதமல்ல, தன் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதைப் பறிக்கும்போது ஏற்கத்தகாததாகிறது, அதன்மேல் கொள்ளும் மோகம் அடிமைத்தனமாகக்கூடும் என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டின் 2413-ஆம் பத்தி. பிரெஸ்பிடேரியன் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடை, வீண் செலவாகும் சூதை, களவு செய்யாதே என்ற எட்டாம் கட்டளைக்கு விரோதமான பாவங்களின் பட்டியலில் வைக்கிறது. மெதடிஸ்டுகளும் சால்வேஷன் ஆர்மியும் சூதை முழுமையாகவே எதிர்த்து வந்திருக்கிறார்கள். இந்த நட்பு வட்ட விஷயத்தில் ரோமர் 14 போதும் என்பேன்: மனசாட்சி தெளிவாக இருப்பவன் இருக்கட்டும், சந்தேகப்படுகிறவன் ஆட வேண்டாம், ஆடுகிறவன் சூதில் நொறுங்கி மீண்டுவந்த சகோதரனைக் கூப்பிட வேண்டாம்.

பணம் கட்டும் ஆப் விஷயத்தில் அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. அது சூதாட்டம், விசுவாசி அதில் இருக்கக்கூடாது.

"நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்று பவுல் எழுதியதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறை மதுவுக்கும் போதைப்பொருளுக்கும் பக்கத்தில் அடிமைநோய்களின் பிரிவில் வைத்தார்கள். எல்லோரும் அடிமையாவதில்லை. ஆனால் திறமை என்ற பேச்சு அடிமையாகிறவரை இன்னும் ஆழமாகச் சிக்கவைக்கிறது. லாட்டரியில் தோற்றவர் விதியை நொந்துகொள்வார். ஃபேண்டஸியில் தோற்றவர், துணை கேப்டனைக் கேப்டனாகப் போட்டிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று கணக்குப் போடுவார். அடுத்த மேட்சில் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு ஒவ்வொரு தோல்வியிலும் புதிதாகக் கிடைக்கிறது. வீட்டாருக்குச் சேரவேண்டிய பணம் இப்படிப் போனால், 1 தீமோத்தேயு 5:8 தன் வீட்டாரை விசாரியாதவனைப்பற்றிச் சொல்லும் கடுமையான வார்த்தை நினைவுக்கு வர வேண்டும்.

வென்ற பணத்தில் தசமபாகம் தரலாமா என்றும் கேட்கிறார்கள். காணிக்கைப்பெட்டி பணத்தைக் கழுவுகிற இடமல்ல, அவ்வளவுதான். அதைவிட, கட்டட நிதிக்குக் குலுக்கல் சீட்டு விற்கும் சபைகள் இந்தக் கேள்விக்கு எந்த முகத்தோடு பதில் சொல்லும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதில் ஏற்கெனவே விழுந்தவர்களைச் சபை எப்படி நடத்துவது என்பதற்கு ஒரு பழைய முன்மாதிரி இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் கூடிய எல்விரா சங்கத்தின் 79-ஆம் விதி, காசு வைத்துப் பகடை ஆடும் விசுவாசியை நற்கருணையிலிருந்து விலக்கச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை, ஆட்டத்தை விட்டுத் திருந்தினால் ஒரு வருடத்துக்குப் பின் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. இன்று ஒரு வருடம் விலக்கி வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்து வைத்திருந்தார்கள்: இது சபைக்குள் நடக்கிறது, இதைப் பெயர் சொல்லிப் பேச வேண்டும், விட்டுவருவதற்குக் காலம் பிடிக்கும். நம் சபைகளில் குடியை விட்டவர் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறார். ஃபேண்டஸியில் கடன்பட்டவர் எழுந்து நிற்பதில்லை, ஏனென்றால் அது சூதே இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் எதை அறிக்கையிடுவார்? மூப்பர்கள் செய்யக்கூடிய முதல் வேலை, அவரிடம் தனியாக, "எவ்வளவு கடன்?" என்று கேட்டுவிட்டு, திட்டாமல் பதிலைக் கேட்பது.